.30-06 வேட்டைத் துப்பாக்கி: குழல் சூடேறியதும் குண்டுகள் வலப்பக்கம் மேலேறுகின்றன

வடகாட்டான் (ஒன்ராறியோ, கனடா)

வணக்கம். வேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடமிருந்து .30-06 தோட்டாவைச் சுடும் போல்ட் அக்‌ஷன் துப்பாக்கி ஒன்றைக் கடந்த ஆண்டு வாங்கினேன். வால்நட் மரக்கட்டை, 22 அங்குல மெல்லிய குழல், மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப் ஆகியவற்றைக் கொண்ட, இந்தப் பக்கத்தில் எங்கும் காணக்கூடிய சாதாரண வேட்டைத் துப்பாக்கிதான் அது. கோடையில் 100 கஜத் தூரத்தில் மூன்று குண்டுகள் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் விழுந்தன. மான் வேட்டைக்கு அது தாராளம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

இலையுதிர்காலத்து மழை தொடங்கிய பின்னர் அதே துப்பாக்கி வேறு விதமாக நடந்துகொள்கிறது. முதலாவது குண்டு நான் குறி வைத்த இடத்தில் விழுகிறது. இரண்டாவது அதற்கு மேலே, சற்று வலப்பக்கமாக விழுகிறது. மூன்றாவது இன்னும் மேலே போகிறது. ஐந்தாவது குண்டு சுடப்படுவதற்குள் குரூப், அதாவது அட்டையில் குண்டுத் துளைகளின் கூட்டம், நான்கு அங்குலத்துக்கு மேல் விரிந்துவிடுகிறது. குழலைச் செப்பு கரைக்கும் திரவத்தால் சுத்தம் செய்து பார்த்தேன். 180 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அளவு) ரவைகளை விட்டு வேறு நிறுவனத்தின் 165 கிரெயின் ரவைகளையும் சுட்டுப் பார்த்தேன். குரூப் அட்டையில் இருக்கும் இடம் மாறியதே தவிர, மேலேறும் போக்கு மாறவில்லை.

துப்பாக்கி திருத்தும் கடை ஒன்றில் காட்டியபோது, குழல் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன செலவு நான் துப்பாக்கிக்குக் கொடுத்த விலையை விட அதிகம். என்னுடன் வேட்டைக்கு வரும் நண்பரோ ஸ்கோப் கெட்டுவிட்டது என்கிறார். நவம்பரில் மான் பருவம் தொடங்குவதால், எதையும் வாங்குவதற்கு முன்னர் எங்கிருந்து தேடத் தொடங்கவேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

மரத்தச்சன் (மிச்சிகன், அமெரிக்கா)

வணக்கம் நண்பரே. குண்டுகள் எந்த வரிசையில், எந்தத் திசையில் விழுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் குரூப்பின் அளவை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவதால், பாதி நேரம் அதைக் கேட்டு வாங்குவதிலேயே போய்விடும்.

குழல் தேய்ந்திருந்தாலோ தோட்டா பொருந்தாவிட்டாலோ குண்டுகள் எல்லாத் திசைகளிலும் சிதறுமே தவிர, குளிர்ந்த குழலில் முதல் குண்டைச் சரியான இடத்தில் போட்டுவிட்டு அடுத்தடுத்தவற்றை ஒரே கோட்டில் ஏற்றிக்கொண்டு போகா. சூடு ஏற ஏற ஒரே திசையில் நகர்கிறது என்றால், குழலை ஏதோ ஒன்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது என்று நான் முதலில் சந்தேகிப்பேன். உங்கள் துப்பாக்கியில் அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் கட்டையின் முன்பகுதியாக இருக்கும். வால்நட் மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நாரின் குறுக்காகப் பருக்கும். கட்டையின் வெளிப்புறத்தை அழகாக மெருகேற்றும் தொழிற்சாலைகள் பல, குழல் படுத்திருக்கும் உட்பள்ளத்தில் ஒரு பூச்சோடு நிறுத்திக்கொள்கின்றன. சில அதையும் செய்வதில்லை. கோடையில் விலகி நின்ற மரம் மழைக்காலத்தில் குழலைத் தொடத் தொடங்கும். குழல் சூடேறி விரியும்போது அந்தத் தொடுகை அழுத்தமாக மாறும். மரம் இடப்பக்கக் கீழ்விளிம்பில் தொட்டால் குழல் வலப்பக்கமாகவும் மேலாகவும் தள்ளப்படும் என்பதால், நீங்கள் சொல்லும் திசையோடு இது ஒத்துப்போகிறது.

பார்ப்பது எளிது. தோட்டாக்கள் அனைத்தையும் வெளியே எடுத்து, போல்ட்டைக் (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் உலோகத் தண்டு) கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். சற்றுத் தடித்த காகிதப் பட்டை ஒன்றைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் செருகி, முனையிலிருந்து ரிசீவர் (குழலின் பின்முனை பொருந்தி, போல்ட் ஓடும் உலோக உடல்) வரை இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் குறியிடுங்கள். துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்த்தால் போதாது; சுடும்போது வைக்கும் மணல் மூட்டையின் மேல் வைத்து, கொஞ்சம் அழுத்தம் கொடுத்தும் பார்க்கவேண்டும். மெல்லிய முன்கட்டை மூட்டையின் மேல் வளைந்து குழலைத் தொடுவதுண்டு.

அடுத்து, ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள். மரம் பருத்துச் சுருங்கும்போது இவை தளரும். உலோகத் தூண் பதிக்காத மரக்கட்டைக்கு 35 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4 நியூட்டன் மீட்டர், போதுமானது. 65 வரை இறுக்கலாம் என்று சிலர் சொல்வது அலுமினியத் தூண் பதித்த கட்டைகளுக்குத்தான் பொருந்தும். வெறும் மரத்தில் அப்படிச் செய்தால் மரம் நசுங்கி, அடுத்த மாதம் மறுபடியும் தளரும். முன்திருகை முதலிலும் பின்திருகை அடுத்தும் இறுக்குங்கள். நடுவில் மூன்றாவது திருகு இருந்தால், அது கழன்று விழாத அளவுக்கு இருந்தாலே போதும். அதை வலிந்து இறுக்கினால் ரிசீவர் வளையும்.

குழல் தேய்வு பற்றி ஒரு சொல். .30-06 குழல் பல ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கக்கூடியது. ஆண்டுக்கு ஓரிரு பெட்டி சுடும் வேட்டைக்காரர் அதைத் தேய்த்து முடிக்க ஓர் ஆயுட்காலம் வேண்டும். குழல் வாயின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். வாய்ப்பக்கமிருந்து சுத்தக்கம்பியைச் செலுத்தும் பழக்கம் முந்தைய உரிமையாளருக்கு இருந்திருந்தால் அந்த விளிம்பு சேதமாகியிருக்கலாம். பஞ்சுமுனைக் குச்சியை உள்ளிருந்து வெளியே சுற்றிலும் இழுத்தால், பிசிர் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும்.

தென்தீவான் (நியூசிலாந்து)

மரத்தச்சன் சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் முதல் குண்டு சரியாக விழுகிறது என்பதற்காக ஸ்கோப்பை இவ்வளவு விரைவில் விடுதலை செய்துவிட முடியாது. பழைய ஸ்கோப்பின் உட்குழாய் ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் சிறிது நகர்ந்து கொடுப்பதும், குறியைத் திருத்தும் திருகைத் திருப்பிய பின்னர் அடுத்த குண்டின் அதிர்ச்சி கிடைக்கும் வரை அசையாமல் நிற்பதும் உண்டு. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் திருகு தளர்ந்திருந்தாலும் குண்டுகள் ஒரே பக்கமாக நகர வாய்ப்புண்டு. 180 கிரெயின் தோட்டாவைச் சுடும் எட்டு பவுண்டுத் துப்பாக்கியின் பின்னுதைப்பு ஏறத்தாழ 20 அடி-பவுண்டு என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டு சந்தேகங்களையும் செலவில்லாமல் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு குண்டைச் சுட்டுவிட்டு, போல்ட்டைத் திறந்து வைத்து, குழல் கையால் தொட்டால் குளிர்ச்சியாக உணரும் வரை காத்திருங்கள். பிறகு அடுத்த குண்டு. இப்படியே ஐந்து குண்டுகளையும் ஒரே அட்டையில் சுடுங்கள். இடையில் ஸ்கோப்பின் திருகுகளைத் தொடக்கூடாது. ஐந்தும் ஓரிடத்தில் கூடினால் குற்றவாளி சூடு, அதாவது குழலும் கட்டையும். குளிர்ந்த பிறகும் மேலேறிக்கொண்டே போனால், அது அதிர்ச்சியால் நகரும் ஏதோ ஒன்று; அப்போது ஸ்கோப்பையும் அதன் அடித்தளத்தையும் கழற்றிப் பார்க்கலாம். ஒரு பிற்பகல் முழுவதும் இதற்குப் போய்விடும் என்றாலும், துப்பாக்கிக் கோளாறுகளில் இவ்வளவு தெளிவான பதில் தரும் சோதனை மிகக் குறைவு. எங்கள் ஊரில் பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் ஒலியடக்கி மாட்டியிருப்பதால் நாங்கள் இதற்கு முன்னர் அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை சுட்டுப் பார்ப்போம். உங்கள் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை.

குரூப்பின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று குண்டு குரூப் ஒரு துப்பாக்கியைப் பெரும்பாலும் அதன் உண்மையான தகுதியைவிடச் சிறந்ததாகக் காட்டும். குண்டுகள் தற்செயலாக மட்டுமே சிதறும் ஒரு துப்பாக்கியில் மூன்று குண்டு குரூப்பின் சராசரி 1 அங்குலம் என்றால், அதே துப்பாக்கியின் ஐந்து குண்டு குரூப் சராசரியாக 1.27 அங்குலமும், பத்துக் குண்டு குரூப் 1.58 அங்குலமும் இருக்கும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை; கணக்கு அப்படி. ஆகவே கோடையில் நீங்கள் கண்ட ஒன்றரை அங்குலம், ஐந்து குண்டுகளாகச் சுட்டிருந்தால் ஏறத்தாழ 1.9 ஆக இருந்திருக்கும். அந்த 1.9 இப்போது நான்குக்கு மேல் போயிருப்பதால், உங்கள் துப்பாக்கியில் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனிமேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று குண்டுகளை வைத்து மதிப்பிட்டால், தற்செயலாகச் சிறுத்த குரூப்பைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்றும், தற்செயலாகப் பெருத்ததைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்றும் மாறி மாறி நம்பவேண்டி வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அட்டைகளில் தேதியும் வானிலையும் எழுதி வையுங்கள்.

மூட்டையின் மேல் முன்கட்டையை வையுங்கள், குழலை வைக்காதீர்கள் என்பதையும், யாரையாவது (வெடிக்காத) பொய்த்தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் இடையில் ஏற்றச் சொல்லி நீங்கள் விசையை இழுக்கும்போது துப்பாக்கி துள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்வதையும் வழக்கமான முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

வடகாட்டான்

இருவருக்கும் நன்றி. குளிரவைத்துச் சுடும் சோதனையைச் செய்து பார்த்தேன். ஐந்து குண்டுகளும் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தன, மேலேறவில்லை. அதன் பிறகு குழல் சூடாக இருக்கும்போதே தொடர்ந்து சுட்டேன், பழைய கோடு மறுபடியும் வந்துவிட்டது. எனவே என் நண்பரின் ஸ்கோப் வாதம் இப்போதைக்குத் தோற்றுவிட்டது.

காகிதப் பட்டை முன்கட்டையின் முனையிலிருந்து ஏறத்தாழ இரண்டு அங்குலம் உள்ளே, இடப்பக்கம் சிக்குகிறது. துப்பாக்கியை மூட்டையில் வைத்து அழுத்தினால் அது நகரவே மறுக்கிறது. பின்திருகும் தளர்வாகத்தான் இருந்தது. இரண்டையும் முறுக்குவிசை அளக்கும் குறட்டால் 35-க்கு இறுக்கிய பின்னர் குரூப் சற்றுச் சிறுத்தாலும் வலப்பக்க நகர்வு போகவில்லை.

பள்ளத்தைத் தேய்த்து அகலப்படுத்தலாம் என்று எண்ணியபோது ஒரு தயக்கம். முன்கட்டையின் நுனியில், பள்ளத்தின் அடியில், இரண்டு பக்கமும் மேடு போல மரம் விடப்பட்டிருக்கிறது. அது பிழையாகத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்தது போல இருக்கிறது. அதையும் எடுத்துவிடலாமா?

பழங்கட்டை (வேல்ஸ், பிரித்தானியா)

அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். அது வேண்டுமென்றே விடப்பட்டதுதான். மெல்லிய குழலின் அதிர்வை அடக்குவதற்காக, முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையோடு மேல்நோக்கி அழுத்துமாறு பல தொழிற்சாலைகள் வடிவமைத்தன. இங்கே நாங்கள் பழக்கப்பட்ட லீ-என்ஃபீல்டு நம்பர் 4 என்ற பழைய பிரித்தானியப் படைத் துப்பாக்கியில் முன்கட்டை குழல்வாயருகே 2 முதல் 7 பவுண்டு வரை மேல்நோக்கித் தாங்கவேண்டும் என்பது படைத்துறை ஆயுதத் திருத்துநர்களின் விதியாகவே இருந்தது. இணையத்தில் எல்லோரும் குழலைத் தொடாமல் விடச் சொல்கிறார்களே என்று அந்தத் தாங்கலைச் செதுக்கி எடுத்துவிட்டு, முன்பிருந்ததைவிட மோசமான குரூப்போடு திரும்பி வந்த என்ஃபீல்டுக்காரர்களை இங்கே போதிய அளவு பார்த்தாயிற்று. செதுக்கிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

மறுபுறம், அந்த அழுத்தம் இரண்டு மேட்டிலும் சமமாக இருக்கும்வரைதான் அது நன்மை. ஈரத்தில் ஒரு பக்க மரம் மட்டும் பருத்தால், நன்மைக்காக வைத்த மேடே குழலைப் பக்கவாட்டில் தள்ளும் நெம்புகோலாகிவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மரத்தைத் தொடாமலேயே குழலைத் தற்காலிகமாக விடுவித்துப் பார்க்கலாம். துப்பாக்கியைக் கட்டையிலிருந்து எடுத்து, முன்திருகுத் துளைக்கு இருபுறமும், ரிசீவர் அமரும் இடத்தில், பழைய வங்கி அட்டையில் வெட்டிய மெல்லிய துண்டுகளை வையுங்கள். பின்திருகின் அடியிலும் அதே தடிப்பில் ஒன்று வைத்தால் ரிசீவர் வளையாது. திருகுகளை அதே 35-க்கு இறுக்கிய பின்னர், குழல் மேட்டிலிருந்து எழும்பி, காகிதப் பட்டை தடையின்றி ஓடவேண்டும். போல்ட் சீராக மூடுகிறதா, திருகுகளுக்குப் போதிய புரி கிடைக்கிறதா, தோட்டாப்பெட்டி இடையில் நெருக்கப்படாமல் கொஞ்சம் ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் சூடாகவும் குளிர்ச்சியாகவும் சுடுங்கள். குரூப் சிறுத்தால் உங்கள் குழல் விடுதலையை விரும்புகிறது, மேட்டைத் தேய்க்கலாம். பெருத்தால் மேட்டை அப்படியே விட்டு, இடப்பக்க மரத்தை மட்டும் சீராக்கி, இரண்டு பக்கமும் சமமாகத் தாங்குமாறு செய்யவேண்டும். அட்டைத்துண்டு சோதனைக்கு மட்டுமே. நாளடைவில் அது நசுங்கும். அதோடு வேட்டைக்குப் போகவேண்டாம்.

குழலை மாற்றச் சொன்ன கடையின் கூற்றில் எனக்கு நம்பிக்கையில்லை. மிகவும் தேய்ந்த குழலோ, குண்டுக்குப் பொருந்தாத புரிச்சுழற்சியோ (குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புறப் பள்ளங்களின் சுற்று) இருந்தால் அட்டையில் குண்டு குறுக்காகப் பாய்ந்த நீள்துளைகளைச் சில வேளைகளில் காணலாம். 1955-இல் வந்த .244 ரெமிங்டன் தோட்டாவுக்கான துப்பாக்கிகளுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரியைக் கொடுத்ததால், வேட்டைக்காரர்கள் விரும்பிய 100 கிரெயின் நீண்ட குண்டுகளை அது சரியாக நிலைநிறுத்தவில்லை. பின்னர் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றி, பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றவேண்டியதாயிற்று. .30-06-க்கு வழக்கமான 10 அங்குலப் புரி 180 கிரெயினுக்கும் அதற்கு மேலும் தாராளமாகப் போதும். உங்கள் அட்டைகளில் துளைகள் வட்டமாகத்தானே இருக்கின்றன?

வடகாட்டான்

துளைகள் அனைத்தும் வட்டம்தான், ஐயா. அட்டைத்துண்டு வைத்து, குளிர்ந்த குழலிலும் சூடேறிய குழலிலும் ஐந்தைந்து குண்டுகளாக, வேறு வேறு நாட்களில் சுட்டேன். குரூப்புகள் ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்குள் நிற்கின்றன. சூடேறினாலும் வலப்பக்கம் போகவில்லை. எனவே மேட்டைத் தேய்க்க முடிவு செய்துவிட்டேன். எவ்வளவு தேய்க்கவேண்டும், தேய்த்த மரத்துக்கு என்ன பூசவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஆளி விதை எண்ணெய் வீட்டில் இருக்கிறது.

மரத்தச்சன்

ஆளி விதை எண்ணெய் பார்வைக்கு அழகு. ஈரத்தைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. உங்கள் கோளாறே ஈரத்தால் வந்தது என்பதால் அதைப் பூசினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் இங்கே எழுதவேண்டி வரும். பாலியூரித்தேன் வார்னிஷை முதல் பூச்சுக்கு மட்டும் சற்று நீர்க்கச் செய்து மரத்துக்குள் ஊறவிடுங்கள்; அது முழுமையாகக் காய்ந்த பின்னர் நீர்க்காததை இரண்டு முறை பூசுங்கள். பள்ளத்தில் மட்டும் பூசிவிட்டு நிறுத்தவேண்டாம். தோட்டாப்பெட்டிக்காகக் குடைந்த இடம், தோளில் படும் ரப்பர் பட்டையின் பின்னால் நாரின் வெட்டுமுனை தெரியும் இடம் ஆகியவற்றில்தான் ஈரம் அதிகமாகப் புகும். தேய்ப்பதற்கு முன்னர், ஈரமில்லாத அறையில் கட்டையைத் தனியாகச் சில நாட்கள் வைத்து மரத்தை உலரவிடுங்கள்; பருத்த நிலையில் பூசி அடைத்தால் பருமனையும் சேர்த்து அடைப்பீர்கள்.

குழலின் தடிமனைவிடச் சற்றுப் பெரிய உருளைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, நீளவாக்கில் மட்டும் தேய்த்து, அடிக்கடி குழலை வைத்துக் காகிதம் ஓட்டிப் பாருங்கள். இரண்டு தபாலட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து, மூட்டையின் மேல் அழுத்திய நிலையிலும் தடையின்றி ஓடும் இடைவெளி வேண்டும். பூச்சும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உலோகப் பகுதியை ஒரு கையால் பிடித்து, முன்திருகைத் தளர்த்தி இறுக்கும்போது குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விரலில் அசைவு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் ரிசீவர் சரியாக அமரவில்லை என்று பொருள். அதற்கு எப்பாக்சி ஊற்றி அடித்தளம் அமைக்கவேண்டும். அந்த வேலையில் உலோகம் ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகை ஓரிடத்தில் மறந்தாலும் ரிசீவர் கட்டையோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும் என்பதால், முதல் முறை செய்பவர் பருவம் முடிந்த பிறகு, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. உங்கள் தற்போதைய குரூப்புக்கு அது அவசரமும் இல்லை. மானின் உயிர்ப்பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம்; 100 கஜத்தில் இரண்டு அங்குலம் என்றால் 200 கஜத்தில் நான்கு.

கட்டையை மாற்றியமைத்த பின்னர் குண்டு விழும் இடம் கட்டாயம் மாறியிருக்கும். வேட்டைக்கு எடுத்துச் செல்லப்போகும் அதே பெட்டி எண்ணுள்ள தோட்டாக்களால், ஒவ்வொரு முறையும் குளிர்ந்த குழலிலிருந்து விழும் முதல் குண்டை அடிப்படையாக வைத்து ஸ்கோப்பைத் திருத்துங்கள். நவம்பர்க் குளிரில், வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் வைத்த துப்பாக்கியால் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டால் போதும்.